பின் வரிசைக்குக் கேட்கும்படி

அந்த நவீன நடனக் குழுவில் எல்லாரும் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் தாங்கிக்கொண்டிருந்தார். அதனால் பெயரே தாங்கி என்று ஆகிவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு நின்றுபோனது.

ஆடத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே ஆடுவார். ஆனால் அகலமான தோளும் அவசரப்படாத கால்களும் உள்ள ஆளைப் பார்த்தால் நடனம் அமைக்கிறவர்களுக்குக் கை அரிக்கும். இவன் தோளில் ஒருத்தியை ஏற்று, இவன் முதுகில் ஒருத்தனை உருட்டு, இவன் கைக்குள் ஒருத்தியைத் தூக்கிப் போடு என்றே யோசனை ஓடும். மேலே இருக்கிறவர் கையை விரித்தால் அரங்கமே கைதட்டும். கீழே கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறவனை அவனைப் பெற்றவள் வந்தால்கூடப் பார்க்க மாட்டாள். தாங்கிக்கு அதில் வருத்தம் இல்லை. தன் மேல் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வந்து விழுகிறார் என்பதே பெரிய மரியாதை என்று அந்த வயதில் அவர் நினைத்தார். நல்ல வயது, நினைக்கலாம்.

குழுவை ஆரம்பித்தவரைப் பெரியவர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவர் நடனங்களில் நிற்பதைவிட விழுவது அதிகம். விழுவதற்காக அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். விழுகிறவர் மேல் ஒரு நாளும் தப்பு கிடையாது; எது நடந்தாலும் பிடிக்கிறவர் தப்பு. நம் மேல் தப்பு வந்துவிடுமோ என்று விழுகிறவர் யோசித்தால் உடம்பு விறைத்துப்போகும், விறைத்த உடம்பு விழுந்தால் எலும்பு போகும் என்பது அவர் கணக்கு. அதனால் ஒத்திகையில் எந்த விழுகை கோணலாகப் போனாலும் பிடிக்கிறவர் அந்த நிமிடமே "என் தப்பு" என்று சொல்லிவிட வேண்டும். விழுந்தவர் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

உண்மையில் யார் தப்பு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். டீ குடிக்கிற நேரத்தில் "கழுதை, நீ ஏன் அப்பவே குதிச்சே" என்று சண்டை நடக்கும். ஆனால் மேடையில் "என் தப்பு", "பரவாயில்லை" இரண்டுதான். பஸ்ஸில் இடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் சொல்கிற சாரி மாதிரி, அதற்கு அர்த்தம் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் அவர்கள் வாயிலும் அது தானாக வர ஆரம்பித்துவிடும். தாங்கிக்கு வீட்டில் டம்ளர் உருண்டால்கூட, யார் உருட்டினாலும், "என் தப்பு" என்றுதான் வரும்.

குழுவிலேயே லேசான உடம்புக்காரி குருவி. தாங்கியும் அவளும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவர்கள் இருவரையும் வைத்துப் பெரியவர் அமைத்த நடனத்துக்கு 'விளிம்பு' என்று பெயர். மேடை நடுவில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மேடு. அதன் விளிம்பில், விழ வேண்டிய பக்கத்துக்கு முதுகைக் காட்டிக் குருவி நிற்பாள். மற்றவர்கள் எல்லாரும் பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். காற்று ஊளையிடுகிற மாதிரி ஒரு நீண்ட சத்தம் வரும். அந்தச் சத்தம் ஓடுகிற நேரத்தில் தாங்கி மேடையின் மூலையிலிருந்து ஓடி வருவார். சத்தம் நிற்கும்போது அவர் அவளுக்குக் கீழே இருப்பார். ஒரு மூச்சு விடுகிற நேரம் நிசப்தம். அதற்கப்புறம் அவள் திரும்பிப் பார்க்காமல், கையைக்கூட அசைக்காமல், அப்படியே பின்னால் சாய்வாள். நிசப்தத்துக்கு முன்னால் அவள் சாயக் கூடாது, நிசப்தத்துக்குப் பின்னால் அவர் வரக் கூடாது. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

ஒத்திகையில் அவள் ஒரு நாளும் பிசகியதில்லை. ஆனால் முதல் காட்சியன்று, அரங்கம் நிறைய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே குருவி சாய்ந்துவிட்டாள். தாங்கிக்கு இன்னும் இரண்டு எட்டு பாக்கி இருந்தது. பாய்ந்தார். கை அவள் தோளைத் தொட்டது, தாங்கவில்லை. அவள் தரையில் விழுந்து தோளெலும்பு முறிந்த சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. ஊளைச் சத்தம் அதற்கப்புறம்தான் நின்றது.

அவர் மண்டியிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்து "என் தப்பு" என்றது.

சத்தம் நின்ற நேரம் பாருங்கள், அந்த இரண்டு வார்த்தையும் அரங்கத்தின் கடைசி நாற்காலி வரை போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு வர வேண்டிய "பரவாயில்லை" வரவில்லை. குருவி மயங்கிக் கிடந்தாள்.

மறுநாள் பத்திரிகையில், தவறவிட்ட ஆட்டக்காரர் மேடையிலேயே தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று வந்தது. பத்திரிகைக்காரருக்குக் குழுவின் வழக்கம் தெரியாது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் வழக்கம் தெரிந்தவர்கள்கூட அதைப் படித்த பிறகு வழக்கத்தை மறந்துவிட்டார்கள். கூட ஆடிய அத்தனை பேரும் சுவரைப் பார்த்து நின்றவர்கள். ஒப்பந்தம் தெரிந்து பார்த்த ஒரே ஆள், முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர். அவர் ஆஸ்பத்திரி நடைவழியில் தாங்கியைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "நீ உடனே அப்படிச் சொன்னது நல்லதாப் போச்சுப்பா. அவ இன்னும் எவ்வளவோ ஆடணும். மனசுல பயம் ஏறிட்டா அவ்வளவுதான்" என்றார். அதற்கு மேல் தாங்கியிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. செத்துப்போகும் வரை பேசவில்லை. பெரிய மனிதர்களுக்கு வாயை எங்கே மூட வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

அதற்கப்புறம் தாங்கியின் கையில் விழ ஆள் இல்லை. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஒருத்திக்குக் கழுத்துப் பிடிப்பு, ஒருத்தனுக்கு வேறு ஜோடியோடு ஆடிப் பழகிவிட்டதாம், இன்னொருத்திக்கு உயரம் ஒத்துவரவில்லையாம். பெரியவர் மெல்ல அவரைத் தரை வேலைக்கு மாற்றினார். காட்சிக்கு முன்னால் மேடையைத் துடைத்து, கறுப்பு ரப்பர் விரிப்புகளை உருட்டி விரித்து, இணைப்பில் கால் தடுக்காதபடி டேப் ஒட்டுவது. காட்சி முடிந்ததும் பிய்த்துச் சுருட்டுவது. பிறர் விழுவதற்கான தரையை அவர் போட்டார்.

பெயர் மட்டும் மாறவில்லை. தாங்கி என்றே கூப்பிட்டார்கள், கூப்பிடும்போது வாய் கொஞ்சம் கோணியது. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே கதை சொல்லப்பட்டுவிடும். "ஒழுங்கா பிடி, தாங்கி மாதிரி பண்ணிடாதே" என்று ஒத்திகையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அவர் மேடை ஓரத்தில் குனிந்து டேப் கிழித்துக்கொண்டிருப்பார். காது கேட்காத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டார்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்றால், போனால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்தார். இருந்ததும் ஒப்புக்கொண்ட மாதிரிதான் ஆனது.

குருவி எலும்பு கூடி எழுந்து, வெளிநாட்டுக் குழு ஒன்றில் சேர்ந்து, அங்கே பெரிய ஆளாகிவிட்டாள். அவள் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம் தாங்கி அதைக் கூர்ந்து பார்ப்பார். இவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வார். சாய்ந்த உடம்புக்கு எப்போது சாய்ந்தோம் என்று தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு ஏறிப்போய்விட்டாள். இந்தக் கோபத்தை அவர் அணையாமல் பார்த்துக்கொண்டார். வேறு என்னதான் இருந்தது அவரிடம்?

ஒன்று இருந்தது. அவர் மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் டோக்கனைக் கொடுத்து, "ஒண்ணும் வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்வதுதான் வேலையில் பாதி. கல்யாணமான புதிதில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தாங்கி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். சத்தம் நிற்கவில்லை, குருவிதான் முந்திவிட்டாள், என் வாய் வழக்கத்தில் சொன்னது, அவ்வளவுதான் என்றார். மனைவி தலையணை உறையை மடித்து வைத்துவிட்டு, "நான் நம்புறேங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

அன்றைக்குத் தாங்கி நன்றாகத் தூங்கினார். உலகம் எப்படியோ போகட்டும், ஒரு ஆளுக்குத் தெரியும் என்பது போதுமானதாக இருந்தது. அதைப் பற்றி வீட்டில் மறுபடி பேச்சே எழவில்லை.

இப்படியே காலம் போய், குழுவின் முப்பதாம் ஆண்டு வந்தது. பெரியவரின் மகன், குழுவை இப்போது நடத்துகிற சின்னவர், ஒரு மாதம் முழுக்க ஆண்டுவிழாக் காட்சிகள் என்று அறிவித்தார். சுவரெல்லாம் போஸ்டர். வெளிநாட்டிலிருந்து குருவி வருகிறாள். 'விளிம்பு' மறுபடி மேடை ஏறுகிறது.

சின்னவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாங்கியின் தோளில் ஏறி ஒத்திகை பார்த்தவர். மாமா என்றுதான் கூப்பிடுவார். விரிப்பை உருட்டிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "மாமா, 'விளிம்பு'ல நீங்க ஆடணும்" என்றார்.

"எந்த விளிம்பு?" என்று கேட்டார் தாங்கி. கையில் இருந்த டேப் உருண்டு மேடை நடுவரைக்கும் போனது.

"நீங்களும் குருவிக்காவும். பழைய ஜோடி. மேட்டைக் கொஞ்சம் உயரம் குறைச்சுக்கலாம். குருவிக்காதான் நீங்கதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

தாங்கி அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனார். அவளே கேட்டிருக்கிறாள். தெரிந்ததைச் சொல்லப் போகிறாள் போலிருக்கிறது. வயதானால் மனசாட்சி முழித்துக்கொள்ளும் என்று நினைத்தார். தோளுக்குத் தைலம் வாங்கினார், காலையில் எழுந்து நடந்தார், மாடிப்படியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினார். "இந்த வயசுல என்ன கூத்து" என்று மனைவி கேலி செய்தாள், ஆனால் முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள்.

குருவி வந்தாள். முடி நரைத்திருந்தது, உடம்பு இன்னும் அதே குருவி. ஒத்திகைக் கூடத்துக்குள் நுழைந்ததும் நேரே வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

"உன் மேல நான் ஒரு நாளும் கோவப்பட்டதே இல்லடா" என்றாள்.

சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்புறம்தான் சின்னவர் நடனத்தின் புது வடிவத்தை விளக்கினார். இப்போதெல்லாம் ஆட்டத்துக்கு நடுவில் பேச்சும் உண்டு. குருவி மேட்டின் மேல் நின்று, சட்டைக் காலரில் மைக்கோடு, அன்று விழுந்த கதையைச் சொல்லுவாள். எலும்பு முறிந்தது, ஆஸ்பத்திரி, மறுபடி விழப் பயந்து அழுத நாள்கள், எல்லாம். கடைசியில், "என்னைத் தவறவிட்டவர் அப்போ ரெண்டே வார்த்தை சொன்னார்" என்பாள். மூலையில் நிற்கிற தாங்கி தன் மைக்கில் "என் தப்பு" என்று சொல்ல வேண்டும். அவள், "அன்னைக்கு நான் சொல்லாத பதிலை இன்னைக்குச் சொல்றேன். பரவாயில்லை" என்பாள். ஊளைச் சத்தம் ஆரம்பிக்கும். அவர் ஓட வேண்டும், அவள் சாய வேண்டும், அவர் பிடிக்க வேண்டும்.

"இத்தனை வருஷக் கதை ரெண்டு நிமிஷத்துல முடியுது மாமா. பாக்குறவங்க உருகிடுவாங்க" என்றார் சின்னவர்.

தாங்கி அதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மன்னிக்கப் போகிறார்களாம். அவர் செய்யாத ஒன்றை, டிக்கெட் போட்டு, விளக்குப் போட்டு, மாதம் முழுக்க மன்னிக்கப் போகிறார்களாம்.

அன்று எல்லாரும் கிளம்பும் வரை காத்திருந்து சின்னவரைத் தனியாகப் பிடித்தார். "தம்பி, அந்த வசனத்தை மாத்தணும்."

"எதை மாமா?"

"என் தப்புங்கிறதை. அன்னைக்கு அது என் தப்பு இல்ல. சத்தம் நிக்கவே இல்ல. அவ முந்திட்டா. உங்கப்பா பாத்தாரு."

சின்னவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக ஓங்கி ஒரு அறை கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "மாமா, யார் தப்புங்கிறதெல்லாம் இப்போ யாருக்கு வேணும்? பழசை மறந்து ரெண்டு பேரும் ஒண்ணு சேர்றீங்க, அதுதான் விஷயம். அப்பாவே எத்தனை தடவை சொல்லியிருக்கார், 'தாங்கி தப்பு பண்ணினான், ஆனா அந்த நிமிஷமே ஒத்துக்கிட்டான், அந்த நேர்மைக்காகத்தான் அவனை வெச்சிருக்கேன்'னு."

பெரியவர் அப்படிச் சொல்லியிருந்தார் என்பது தாங்கிக்கு அன்றுதான் தெரிந்தது. போன மனிதரோடு எங்கே போய்ச் சண்டை போடுவது? சரி தம்பி என்று சொல்லிவிட்டு விரிப்பைச் சுருட்டப் போனார்.

ஆனால் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டார். ஒத்திகையில் எல்லாம் சமர்த்தாக "என் தப்பு" என்று சொல்வது. முதல் காட்சியன்று, அரங்கம் நிறைந்திருக்கும்போது, காலரில் மைக் இருக்கும்போது, வேறு சொல்வது. "நீ முந்திட்டே." அவ்வளவுதான். அதற்கப்புறம் வானம் இடிந்து விழட்டும். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார், பஸ்ஸில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். சின்ன வாக்கியம்தான். சொல்லும்போது வாய் இனித்தது.

ஒத்திகையில் குருவி பிசகவே இல்லை. சத்தம் நின்று, ஒரு மூச்சு விட்டு, அப்புறமே சாய்ந்தாள். அப்போதும் ஒத்திகையில் அப்படித்தானே இருந்தாள் என்று நினைத்த தாங்கி, தினமும் கொஞ்சம் முன்னதாகவே ஓட ஆரம்பித்தார். சின்னவர் நிறுத்தினார். "மாமா, ஏன் சீக்கிரமா கிளம்புறீங்க? பயப்படாதீங்க, இந்தத் தடவை விட மாட்டீங்க." பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். தாங்கி மறுபடியும் கொஞ்சம் முன்னதாகவே ஓடினார். அலுத்துப்போய்ச் சின்னவர் விட்டுவிட்டார்.

முதல் காட்சியன்று காலையில் மனைவியிடம், "இன்னைக்கு நீ கட்டாயம் வரணும். மேடையில நான் ஒண்ணு சொல்லுவேன், அதை நீ கேக்கணும்" என்றார். அவள் டாக்டரிடம் சொல்லி அரை நாள் லீவு போட்டாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, சாயங்காலம் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தாள். தாங்கி பக்கத்திரை இடுக்கு வழியாகப் பார்த்தார். கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது. ஆட்டம் ஆரம்பமானது. பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். பிறகு எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். குருவி மேட்டின் விளிம்பில் நின்று கதையைச் சொன்னாள். அவளுக்குச் சொல்லத் தெரியும். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் கண் முழித்ததும் முதலில் கேட்ட கேள்வி, இனிமேல் ஆட முடியுமா என்பதுதான் என்றாள். அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"என்னைத் தவறவிட்டவர் அப்போ ரெண்டே வார்த்தை சொன்னார்" என்றாள் குருவி. சொல்லிவிட்டு விழ வேண்டிய பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

விளக்கு வெளிச்சம் தாங்கி மேல் விழுந்தது. வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். மேட்டின் மேல் அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. தோள்பட்டை இரண்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. காலுக்குப் பின்னால் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு ஆளின் நடுக்கம். உலகம் சுற்றியவள், பெயர் எடுத்தவள், எல்லாம் சரி. இன்னும் ஒரு நிமிடத்தில் விழப் போகிறவள். இப்போது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அந்த உடம்பு விறைத்துப்போகும் என்று தாங்கியின் கைக்குத் தெரிந்தது.

வாய் தானாகத் திறந்து "என் தப்பு" என்றது.

"பரவாயில்லை" என்றாள் குருவி.

ஊளைச் சத்தம் கிளம்பியது. தாங்கி ஓடினார். மேட்டை நெருங்குகையில், சத்தம் இன்னும் உச்சத்தில் இருக்கும்போதே, அவள் முழங்கால் தளர்வதைப் பார்த்தார். முந்திவிட்டாள். அதே மாதிரி, அதே இடத்தில் முந்திவிட்டாள். முன்னதாகக் கிளம்பியிருந்த அந்த ஒரு எட்டுதான் கையில் இருந்தது. பாய்ந்து கீழே போனார். அவள் முதுகு அவர் நெஞ்சில் மோதியது, வலது தோளில் ஏதோ பிசகி உயிர் போகிற மாதிரி வலித்தது, ஆனால் கை பூட்டிக்கொண்டது. பிடித்துவிட்டார். அதற்கப்புறம்தான் சத்தம் நின்றது.

ஒரு கணம் அவளுடைய இதயம் அவர் கையில் படபடத்தது. பிறகு கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். குருவி ஒரு கையால் தாங்கியின் கையைப் பிடித்து உயர்த்தினாள், வலிக்கிற கையை.

மேக்கப் ரூமில் சின்னவர் எல்லாரையும் கட்டிக்கொண்டிருந்தார். குருவி முகத்தில் பூசியதைத் துடைத்துக்கொண்டே வந்து தாங்கியின் எதிரில் உட்கார்ந்தாள். அவளுடைய கண் பளபளத்தது. பொய் சொல்கிற கண் இல்லை அது. தாங்கி அதைத்தான் தேடினார், இல்லை.

"பாத்தியாடா" என்றாள் சந்தோஷமாக. "நான் அன்னைக்கு விழுந்த மாதிரியே, அச்சு அசலா அதே மாதிரிதான் இன்னைக்கும் விழுந்தேன். நீ நேரத்துக்கு வந்துட்டே. அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் இத்தனை வருஷம் மனசைப் போட்டு உழப்பிக்கிட்டியே."

அவளுக்குத் தெரியாது. அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. பயத்தில் தன் உடம்பு என்ன செய்கிறது என்றே தெரியாத ஒருத்தியைத்தான் அவர் இத்தனை காலம் உட்கார்ந்து வெறுத்திருக்கிறார். அந்தக் கோபத்துக்குக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது.

"ஆமா, நேரத்துக்கு வந்துட்டேன்" என்றார் தாங்கி.

மனைவி வாசலில் காத்திருந்தாள். கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. தாங்கிக்குப் பாதி உயிர் வந்தது. இவளுக்குத் தெரியுமே, இவள் பார்த்திருப்பாளே, எனக்காக அழுதிருக்கிறாள் என்று நினைத்தார். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வலிக்கிற கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"சொல்லணும்னு சொன்னீங்களே, அதைக் கேட்டேங்க" என்றாள் மனைவி. "எத்தனை பேருக்கு நடுவுல, எவ்வளவு தைரியமா சொன்னீங்க. எனக்கு அப்படியே நெஞ்சை அடைச்சிடுச்சு. அவங்களுக்கும் எவ்வளவு பெரிய மனசு. எலும்பை உடைச்சவரைப் போய் யாருங்க இப்படிக் கட்டிப்பாங்க?"

தாங்கி நின்றுவிட்டார். "உன்கிட்ட நான் சொல்லியிருக்கேனே. அவதான் முந்தினான்னு."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபமோ சந்தேகமோ எதுவும் இல்லை. "சொன்னீங்க, ஆமா" என்றாள். "நான் நம்பலைன்னு எப்பவாவது சொன்னேனா? அதான் இன்னைக்கு எல்லாம் முடிஞ்சிடுச்சே. இனிமே வலிக்காது."

டோக்கன் கொடுக்கும்போது வருகிற அதே குரல். தலையணை உறையை மடித்தபோதும் அதே குரல்தான் வந்தது. அவருக்கு அன்று அது தெரியவில்லை, இன்று தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் நம்பவே இல்லை. அவருக்கு வலிக்கக் கூடாது என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறாள். பஸ் வந்தது. மனைவி அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டாள்.

மறுநாள் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு கையாலேயே விரிப்புகளை உருட்டி விரித்து டேப் ஒட்டினார். சின்னவர் கையில் அன்றைய பத்திரிகையோடு வந்தார். மன்னிப்பின் மகத்துவம் என்று பாதிப் பக்கம் எழுதியிருந்தார்களாம். மாதம் முழுக்க டிக்கெட் தீர்ந்துவிட்டதாம். தோளுக்கு நல்ல டாக்டரிடம் அனுப்புவதாகச் சொன்னார். போகும்போது நினைவு வந்தவராகத் திரும்பி நின்றார்.

"மாமா, ஒரே ஒரு திருத்தம். அந்த 'என் தப்பு' நேத்து கொஞ்சம் உள்ளேயே போயிடுச்சு. பின் வரிசைக்குக் கேக்கலையாம்."

அன்று சாயங்காலம் தாங்கி பின் வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார்.